அமாவாசையன்று மட்டும் நீலம்

மருமகள் சோற்றில் சர்க்கரை கலந்து தன்னைக் கொல்லப் பார்க்கிறாள் என்று சாயப்பட்டறை குமாரசாமி சொல்ல ஆரம்பித்துப் பத்து நாள் ஆகியிருந்தது. பதினோராம் நாள் காலை அந்த மருமகள் இந்திராணி, அப்பாதுரை வீட்டு வாசலில் நின்றாள். கையில் ஒரு நோட்டு.

அப்பாதுரை சென்னையில் அரசாங்க ரசாயனக் கூடத்தில் முப்பது வருஷம் விஷம் தேடியவர். ஓய்வு பெற்றுக் காஞ்சிபுரம் வந்தும் தேடல் விடவில்லை. பக்கத்தில் அவர் சிநேகிதர், மருந்துக்கடை சிட்டிபாபு.

இந்திராணி சொன்னாள். மாமனாருக்கு நீரிழிவு. தினமும் விளக்கு வைத்ததும், கண்ணாடிக் குழாயில் நீல மருந்தோடு சிறுநீரைக் காய்ச்சிப் பார்ப்பார். நீலமாகவே நின்றால் நல்லது. செங்கல் நிறமானால் சர்க்கரை அதிகம். பட்டுக்குச் சாயம் ஏற்றும் மனிதர். நிறத்தில் ஏமாற மாட்டார். டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் அவள் ஒரு பருக்கை போட்டதில்லை. ஆனாலும் செங்கல் நிறம். இன்று சாயங்கால பஸ்ஸில் அவளை ஐயம்பேட்டைக்கு, பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் போலீசுக்குப் போகப் போகிறாராம். கணவன் சபாபதி வாய் திறக்கவில்லை.

"நான் ஒண்ணும் கலக்கலீங்க. ஆனா இப்ப எனக்கே பயமா இருக்குது. தூக்கத்துல எழுந்து ஏதாச்சும் பண்றேனோன்னு."

தினமும் வந்த நிறத்தை மாமனார் குறித்து வைத்த நோட்டு அது. அப்பாதுரை புரட்டினார். ஒரே ஒரு நாள் நீலம்.

"அன்னிக்கு என்னம்மா?"

"அமாவாசைங்க. தறி, பட்டறை எதையும் திறக்க மாட்டாங்க. மாமா நாள் பூரா வீட்டுலதான்."

"அப்படின்னா நீ போட்டதை மட்டும் சாப்பிட்ட நாள்" என்றார் அப்பாதுரை.

மூவரும் போனபோது பட்டறையில் சாய அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. குமாரசாமி மருமகளைப் பார்க்காமலே பேசினார். செங்கல் நிறம் வரவர அவள் போடும் சோற்றைக் குறைத்துக்கொண்டே வந்தாராம். பசிக்குச் சர்க்கரை இல்லாத பிஸ்கட். பட்டறைப் பெட்டியில் பூட்டி, சாவியை இடுப்பில் முடிந்துகொள்வார்.

"இதை நானே பூட்டி வச்சிக்கினு சாப்புடறேன்பா. அப்பவும் செங்கல்னா, இவ தண்ணியிலயே கலக்கறா."

சிட்டிபாபு உடனே பானைத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்த்தார். இனிப்பில்லை. அப்பாதுரை அதை நீல மருந்தோடு காய்ச்சினார். இந்திராணி கண்ணை மூடிக்கொண்டாள். நீலம். பிஸ்கட்டைத் தூளாக்கித் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சினார். அதுவும் நீலம்.

"பார்த்தீங்களா, பிஸ்கட்டுல சர்க்கரை இல்ல" என்றார் குமாரசாமி.

"இப்ப ஒண்ணை எடுத்து நல்லா மெல்லுங்க. முழுங்காதீங்க."

மென்றதைக் குழாயில் வாங்கி, கால் மணி நேரம் கைச்சூட்டில் வைத்திருந்தார் அப்பாதுரை. பிறகு நீல மருந்தை விட்டு அடுப்பில் காட்டினார். நீலம் பச்சையாயிற்று. பச்சை மஞ்சளாயிற்று. கடைசியில் செங்கல்.



"மாவுதான் எச்சில்லயே சர்க்கரையா மாறுது. வயித்துக்குள்ள இன்னும் மாறும்." அப்பாதுரை டப்பாவைத் திருப்பினார். முன்னால் பெரிய எழுத்தில் சர்க்கரை இல்லை. பின்னால் பொடி எழுத்தில் நூறு கிராமில் மாவுச்சத்து எழுபது கிராம், கலோரி நானூற்று நாற்பது. "அது நூறு கிராமுக்குத்தான். டப்பா நானூறு கிராம். நாளைக்கு எவ்வளவு சாப்புடறீங்க?"

"முன்ன அரை டப்பா. இப்ப..." குமாரசாமி நிறுத்தினார்.

"முழுசு" என்றார் சிட்டிபாபு மெதுவாக. "தினம் நான்தானே வித்தேன்."

"ஆயிரத்து எழுநூற்று அறுபது கலோரி" என்றார் அப்பாதுரை. "டாக்டர் உங்களுக்கு நாள் முழுக்கச் சொன்னது?"

"ஆயிரத்து அறுநூறு."

"அமாவாசைக்கு டப்பா பட்டறைக்குள்ள மாட்டிக்கிச்சு. அன்னிக்கு மட்டும் தப்பிச்சீங்க. மருமகளுக்குப் பயந்து பயந்து இதையே ஏத்திக்கினு போயிருக்கீங்க."

குமாரசாமி குழாயை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு இடுப்புச் சாவியை அவிழ்த்துப் பெட்டி மேல் வைத்தார். சாயங்கால பஸ் இந்திராணி இல்லாமலே போயிற்று.

நாலாம் நாள் விளக்கு வைத்ததும் மாமனார் சமையலறை வாசலுக்கு வந்தார். குழாயை நீட்டினார்.

"நீயே பாரும்மா. எனக்குப் பயமா இருக்குது."

நீலம். அவள் குழாயை அவரிடம் காட்டிவிட்டு, டாக்டர் சொன்ன அளவுக்குச் சோறு போட்டாள்.