இரண்டாம் பக்கத்து நிறுத்தம்

ஹெப்சிபாவின் கைவரவு எண் அறுபத்தொன்று என்று கோடை இசைப் பள்ளியிலிருந்து கடிதம் வந்த அன்றே, அவள் தம்பி எட்வின் பழைய போர்வை ஒன்றைக் கொண்டுவந்து பியானோவை மூடிக் கயிறு போட்டுக் கட்டினான்.

"பன்னெண்டு வாரம் இதத் தொட்டுராதக்கா. தூசிகூடத் தட்டாத. ஒனக்கெல்லாம் தூசி தட்டுனாலே கை வந்துரும்."

அவன் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. தூத்துக்குடியில் அவன் நடத்திவந்த பயிற்சிநிறுத்த மையத்தில் அந்த வருடம் எழுபது பேர் சேர்ந்திருந்தார்கள். பியானோ வாசிக்காமல் இருப்பதுதான் அங்கே பாடம். விரல்கள் மேசை விளிம்பில் தானாக ஓடத் தொடங்கினால் கையில் வலையைக் கொடுத்துப் பின்னச் சொல்வான். பிள்ளை வாசிக்க மாட்டேன் என்கிறது என்று ஒரு காலத்தில் அலுத்துக்கொண்ட பெற்றோர், இப்போது பிள்ளை ஒளிந்து ஒளிந்து வாசிக்கிறது என்று அவனிடம் வந்து புலம்பினார்கள்.

கைவரவு மானி வந்த பிறகுதான் இப்படி ஆனது. அது பியானோவின் உள்ளே பொருத்தும் ஒரு மெல்லிய தகடு. ஒரே ஒரு பாடத்தை வாசித்தால் போதும். விரலின் எடை என்ன, காது எங்கே தயங்குகிறது, எந்தத் தவறு தெரியாமல் வருகிறது, எது பழகிப்போய் வருகிறது என்று பார்த்து, நாற்பது நாள் பள்ளியில் தங்கினால் இந்த ஆள் எவ்வளவு முன்னேறுவார் என்பதை ஓர் எண்ணாகச் சொல்லிவிடும். பழனி மலைத்தொடரில் இருந்த அந்தக் கோடைப் பள்ளி, ஏற்கெனவே நன்றாக வாசிப்பவர்களைச் சேர்த்துக்கொண்டு பெருமைப்படுவதில் என்ன நியாயம் என்று கேட்டது. நியாயமான கேள்விதான். ஆகவே ஏறுவதற்கு அதிக உயரம் மிச்சமிருக்கும் இருபத்துநான்கு பேருக்கே இடம் என்று ஆயிற்று. நுழைவு நாளன்று மறுபடி அளப்பார்கள். எண் ஐம்பதுக்குக் கீழே போயிருந்தால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். வேண்டுமென்றே தப்பாக வாசித்தும் ஏமாற்ற முடியாது. பொய்த் தவறு செய்யும் விரல் விழுவதற்கு முன் ஒரு கணம் யோசிக்கும். அதை மானி கண்டுகொள்ளும்.

ஹெப்சிபாவுக்கு நாற்பத்துநான்கு வயது. துறைமுகத்தில் ஓர் அறைக்குள் உட்கார்ந்து, தொலைவில் நிற்கும் கிரேனை இயக்குவது அவள் வேலை. மூடப்பட்ட ஒரு விடுதியிலிருந்து வாங்கிய பியானோவில் தானாகவே வாசிக்கப் பழகியவள். பதினாறு வருடங்களாக அவள் வாசித்ததை விஷயம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதில்லை. அது ஒரு முறையாவது நடக்க வேண்டும் என்றுதான் நான்கு ஆண்டுகளாக விண்ணப்பித்தாள். அடுத்த ஆண்டு வயது வரம்பைத் தாண்டிவிடுவாள்.

கடிதத்தோடு முன்னொலியும் வந்திருந்தது. நாற்பதாம் நாள் மாலையில் அவள் எப்படி வாசிப்பாள் என்பதை மானி கணித்து ஒலியாக்கியது அது. தேர்வான எல்லோருக்கும் அவரவர் முன்னொலியை அனுப்புவது பள்ளியின் வழக்கம். எட்வின் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அவள் அதைக் கேட்டாள்.

விண்ணப்பதாரர் எல்லோருக்கும் ஒரே பாடம்தான். இரண்டு பக்கம், மெதுவான நடை. முதல் பக்கத்தில் வாசித்தது அவளே என்பதில் சந்தேகமில்லை. இடது கையின் அந்தச் சிறிய கனம் அவளுடையதுதான். ஆனால் அவள் எப்போதும் தடுமாறும் இடங்களில் அந்தக் கை தடுமாறவில்லை. பிறகு இரண்டாம் பக்கத்தின் தொடக்கத்தில், ஏறிக்கொண்டே வந்த சுரங்கள் சட்டென்று நின்றன. ஒன்றுமில்லை. கருவி பழுதாகிவிட்டதோ என்று அவள் கை நீட்டியபோது, விட்ட இடத்திலிருந்து இசை தொடர்ந்தது.

அந்த இடத்தில் அவள் ஒருநாளும் நின்றதில்லை. பயத்தில் ஓடிக் கடந்துவிடுவாள். அங்கே நிற்கலாம் என்பதே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. நாற்பது நாளில் தனக்கு இவ்வளவு துணிச்சல் வரப்போகிறதா என்று வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

பன்னிரண்டு வாரமும் அவள் பியானோவைத் தொடவில்லை. அந்த நிறுத்தம் மட்டும் அவளோடு வேலைக்கு வந்தது. சரக்குப் பெட்டகத்தைக் கப்பலின் மேல் கொண்டுபோய் நிறுத்தி, ஆட்டம் அடங்குவதற்குக் காத்திருக்கும் நேரம் ஒன்று உண்டு. முன்பு அது வெறும் நேரம். இப்போது அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பார்த்தாள். முதலில் பயம் இருந்தது. ஒரு மாதம் போனபின் பயம் இல்லை. கடைசியாக ஒலித்த சுரம் போய்விட்ட பிறகும் அது போன திசை தெரிந்தது. எவ்வளவு நேரம் நின்றால் போதும் என்பது அவளுக்குப் பிடிபட்டது.

நுழைவு நாளில் எட்வின்தான் அவளை மலைக்கு அழைத்துப் போனான். வழியில், அந்த நிறுத்தம் தனக்குப் பிடிபட்டதை அவள் சொன்னதும் அவன் பதறினான். முன்னொலியில் இருந்ததை முன்கூட்டியே கற்றுக்கொண்டுவிட்டால் எண் இறங்கத்தானே செய்யும். அந்த இடத்தில் மட்டும் நிற்காமல் போய்விடு என்று கெஞ்சினான். அப்படிப் போனால்தான் அது பொய் ஆகும் என்றாள்.

அளவை அறையில் யாரும் இல்லை. அவள் வாசித்தாள். இரண்டாம் பக்கத்தில் நின்றாள். சன்னலுக்கு வெளியே பனி நகர்ந்தது. போதும் என்று தோன்றியதும் தொடர்ந்தாள்.

எண் எழுபத்துநான்கு.

வெளியே எட்வின் இரண்டு முறை எண்ணைப் பார்த்தான். "நடுவுல ஒரு பெரிய ஓட்டை, அதுவும் நெசமான ஓட்டை. ஏக்கா, இது எந்த மையத்துலயும் கெடைக்காது. எனக்குக் கொஞ்சம் சொல்லித்தாயேன்."

"நீ வீட்டுக்குப் போலே," என்றாள் ஹெப்சிபா.

அவளுக்கு ஒதுக்கப்பட்ட ஆசிரியை பத்மாசனி, நரைத்த குட்டை முடி, தாழ்ந்த குரல். நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். மறுபடி வாசிக்கச் சொன்னார். பதினாறு வருடங்களில் முதல் முறையாக ஒருவர் பக்கத்தில் இருந்து கேட்டார்.

வாசித்து முடித்ததும் பத்மாசனி பென்சிலைக் கையில் எடுத்தார். பிறகு நடந்ததை மறைக்காமல் விளக்கினார். முன்னொலியை அனுப்பும்போது எங்கோ நான்கு விநாடி வெட்டு விழுந்துவிட்டது. எல்லோருடையதிலும் அதே இடத்தில். மானி கணித்ததில் அப்படி ஒரு நிறுத்தமே கிடையாது. அதனால்தான் அதற்கு அது ஆழமான தவறாகத் தெரிகிறது, எண்ணும் ஏறியிருக்கிறது. காலையிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் அங்கே நின்றார்கள்.

"எல்லாருமா?"

"நீங்க கடைசி. இருபத்துநாலாவது." அவர் பென்சிலால் தாளில் அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். "கவலப்படாதீங்க. நாப்பது நாள்ல இத எடுத்துரலாம்."

தனக்குள் இருந்த மிக ஆழமான இடம் என்று அவள் நினைத்தது ஒலியை அனுப்பிய கம்பியில் விழுந்த ஓட்டை. ஆனால் அந்த ஓட்டைக்குள் பன்னிரண்டு வாரம் இருந்துவிட்டு வந்தவள் அவள்தானே. அது யாருடையது?

"அப்படியே விட்டுட்டா?" என்று கேட்டாள்.

"சரிபண்ண சம்மதமில்லன்னா இடம் அடுத்தவங்களுக்குப் போகும். விதி." பத்மாசனி அவளைப் பார்க்காமல், "எனக்குக் கேக்க நல்லாத்தான் இருந்துச்சு," என்றார்.

நாற்காலி பக்கத்திலேயே இருந்தது. அதில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஹெப்சிபா தாளையும் அந்தப் பென்சில் வட்டத்தையும் நெடுநேரம் பார்த்தாள்.

"எடுத்துருங்க," என்றாள்.

அந்த நாற்பது நாளும் அவள் வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பத்மாசனி உண்மையிலேயே தேர்ந்த ஆசிரியை. மணிக்கட்டைத் தளர்த்தவும், ஒரு சுரத்துக்குள் இன்னொரு சுரத்தைக் கேட்கவும் ஹெப்சிபா கற்றாள். முதல் வாரங்களில் மற்ற பயிற்சி அறைகளிலிருந்து அதே பாடம் கேட்கும், அதே இடத்தில் நிற்கும். நின்ற நேரம் ஒருவருக்கு ஒருவர் வேறாக இருந்தது. சிலர் பயந்து நின்றார்கள், ஒருவர் கோபத்தில் நின்றதுபோல இருந்தது. நாள் போகப்போக அந்த இடங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. முப்பதாம் நாள் தன்னுடையதும் மூடிவிட்டதை அவள் பாதி வாசிப்பில் உணர்ந்தாள். வலிக்கவில்லை.

நாற்பதாம் நாள் மாலை நிறைவு விழா. மலையடிவாரத்திலிருந்து பெற்றோரும் உறவினரும் வந்து அரங்கம் நிறைந்திருந்தது. நேரப்பட்டியலைப் பள்ளியின் கணிப்பொறி நுழைவு நாள் பதிவுகளின் நீளத்தை வைத்தே போட்டிருந்தது. அரங்கின் விளக்குகளும் கதவுகளும் அந்தப் பட்டியலின்படி தாமாக இயங்கும். இருபத்துநான்கு பேரும் மேடையில் அமர்ந்து, ஒவ்வொருவராக எழுந்துபோய் வாசித்தார்கள். ஒருவரும் எங்கும் நிற்கவில்லை. எல்லோருடைய வாசிப்பும் கணிப்போடு ஒத்துப்போயிற்று என்று திரையில் எழுத்து வந்தது. கைதட்டல் எழுந்து அடங்கியது.

கதவுகள் திறக்கவில்லை. நுழைவு நாளில் அவர்கள் நின்ற நேரமெல்லாம் சேர்ந்து, பட்டியலில் இன்னும் ஒன்றரை நிமிடத்துக்கும் சற்று அதிகமாக மிச்சம் இருந்தது.

கீழே நாற்காலிகள் நகர்ந்தன, யாரோ இருமினார்கள், எட்வின் எழுந்து கதவைத் தள்ளிப் பார்த்தான். பத்மாசனி மட்டும் மணிக்கட்டுக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார். மேடையிலிருந்த இருபத்துநான்கு பேரில் ஒருவரும் அசையவில்லை.