நான்காம் பிரஸ்ஸின் காந்தம்

மதிய ஷிப்ட் மாறும் நேரத்தில்தான் அந்தத் தொழிற்சாலைக்குள் போனேன். சுவரில் இருந்த பழைய வெள்ளைப் பலகையைக் கழற்றிவிட்டு டிஜிட்டல் திரை மாட்டுவது என் வேலை. அந்த வேலையைப் பிடித்துக் கொடுத்ததே என் மனைவியின் அண்ணன்தான். அங்கே உலோகத் தகடுகளை அடித்து வடிவமைக்கும் பிரஸ் இயந்திரத்தின் ஆபரேட்டர்.

பலகையில் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு வரிசை. சுத்தம் செய்ய இயந்திரத்துக்குள் போகிறவர் தன் போட்டோ ஒட்டிய காந்தத்தை அந்த வரிசையில் வைத்துவிட்டுப் போவார். வெளியே வந்து அவரே எடுக்கும்வரை யாரும் பொத்தானைத் தொடக்கூடாது. நான்காம் பிரஸ் வரிசையில் முகம் அழிந்துபோன காந்தம் ஒன்று இருந்தது. மூன்று வருடமாக அந்த பிரஸ் ஓடவில்லை.

"அதை எடுக்காதீங்க சார்," என்றார் ஃபோர்மேன் மெதுவாக. "அவர் இன்னும் வெளிய வரலை."

"யாரு?"

"நசுங்கினவர். பாதி உடம்புதான் கிடைச்சுது."

பக்கத்தில் நின்ற மச்சான் சிரித்தார். "இவருக்கு வேற வேலையில்ல. நீ எடு மாப்ளே. அந்த மிஷின் ஓடினாத்தான் என் வேலை நிலைக்கும்."

நானும் பெரிய அறிவாளி மாதிரி காந்தத்தைப் பிய்த்துக் குப்பையில் போட்டேன். திரையில் 'உள்ளே: 0' என்று பதிந்தேன். இந்தக் கையை அன்றே வெட்டிப் போட்டிருக்க வேண்டும்.

மச்சான் பொத்தானை அழுத்தினார். பிரஸ் பத்துத் தகடுகளை அடித்துவிட்டு நின்றது. சூடான எண்ணெயோடு அழுகல் வாடை அடித்தது.

திரையில் எண் தானாக மாறியது.

உள்ளே: 1.

"திரையில ஏதோ கோளாறு மச்சான்," என்றேன்.

அவர் பிரஸ்ஸின் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தலையையும் கையையும் உள்ளே விட்டுப் பார்த்தார்.

"மாப்ளே... யாரோ கையைப் பிடிக்கிறாங்கடா."

மின்சாரம் இல்லாத பிரஸ் இறங்கியது.

எலும்பு நொறுங்கியது. ரத்தம் என் வாய்க்குள் தெறித்தது. பிரஸ் ஏறி, மறுபடி இறங்கியது. நானும் ஃபோர்மேனும் அவர் கால்களைப் பிடித்து இழுத்தோம். உள்ளேயிருந்து யாரோ எதிர்ப்பக்கம் இழுத்தார்கள். எங்கள் கைக்கு வந்தது இடுப்புக்குக் கீழே மட்டும்தான்.

உள்ளே: 2.

நான்காம் நாளே மேனேஜர் பிரஸ்ஸைக் கழுவி ஓட்டச் சொன்னார். எத்தனை முறை சுழியம் போட்டாலும் திரை இரண்டுக்கே திரும்பியது. அப்போது மனைவி போன் செய்தாள்.

"என்னங்க, அண்ணன் நம்பர்ல இருந்து போன் வந்துச்சு. அண்ணன் குரல்தாங்க!"

"என்ன சொன்னார்?"

"'நான் உள்ளதான் இருக்கேன், மிஷினை ஓட்ட வேணாம்னு மாப்ளைகிட்ட சொல்லும்மா'ன்னு அழுதுச்சுங்க."

அதற்குள் புது ஆபரேட்டர் பொத்தானை அழுத்திவிட்டார்.

அண்ணனின் அலறலை அவளும் போனில் கேட்டாள்.