காப்பாளரின் பழுது

காலையில் எழுந்ததும் ஜுவைரியா தன் காப்பாளரின் முதுகைத் திறந்து மின்கலத்தை மாற்றினாள். கழுத்து மூட்டில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டாள்.

"ஸலாம், உம்மா" என்று கண் விழித்தார் காப்பாளர். வயது எட்டு மாதம்.

வியாழனைச் சுற்றும் காலிஸ்டோ நிலவில், காயல்நூர் குடியேற்றத்தில், இது அன்றாடக் காட்சி. அங்கே பெண்ணொருத்தி கப்பலேற ஆண் காப்பாளரின் இசைவு வேண்டும். தகப்பனும் கணவனும் மௌத்தாகிவிட்டால், வீட்டுப் பதிவேட்டில் ஆண் என்று எழுதப்பட்ட இயந்திரன் போதும் என்று சென்ற ஆண்டு சீர்திருத்தம் வந்தது. அதற்கு விழாகூட எடுத்தார்கள். மேடையில் இயந்திரன்கள் அமர்ந்தார்கள். பிரியாணி பெண்கள் பொறுப்பு.

ஜுவைரியாவின் காப்பாளர் மரைக்கார், அவளே கைப்படச் செய்த பனித்துளைப்பு இயந்திரன். யூரோப்பா நிலவின் பனிக்கடலுக்கடியில் ஏதோ ஒளிர்வதை இருபது ஆண்டுகளுக்கு முன் முதலில் கண்டவளும் அவள்தான். இன்று நண்பகலில் அங்கே போகும் கப்பல் கிளம்புகிறது. அடுத்தது பதினோரு ஆண்டுகள் கழித்து. அவளுக்கு இப்போதே வயது அறுபத்தொன்று.

இசைவு அலுவலகத்தில் இருந்த அதிகாரி ஷெய்கனா நல்ல மனிதர். யாரையும் அதட்டியறியாதவர்.

"குர்ஆன்ல இந்தத் தாளு எங்க இருக்கு, காக்கா?" என்று இசைவுத்தாளைக் காட்டிக் கேட்டாள் ஜுவைரியா.

"அதுல இல்லம்மா. எங்க அலமாரில இருக்கு" என்றவர் மரைக்காரைப் பணிவோடு பார்த்தார். "நீங்க சொல்லுங்க. இவங்க போகலாமா?"

முன்மாதிரிக்காக இருபதாயிரம் காப்பாளர்களின் பதிவுகளை மரைக்கார் ஒரு நொடியில் படித்தார். பிறகு கேட்டார்: "யார்கூட போறீங்க? எப்ப திரும்புவீங்க? சனங்க என்ன சொல்லும்? வேணாம், உம்மா."

"உன்னைச் செஞ்சவடா நான்!"

"கோவிச்சுக்காதம்மா. பெத்தவளுக்கே பிள்ளைதானே காப்பாளர்" என்றார் ஷெய்கனா ஆறுதலாக.

ஜுவைரியா குரலைத் தாழ்த்தினாள். "இத்தனை கேட்டியே மரைக்கார், நான் எதைப் பார்க்கப் போறேன்னு கேட்டியா?"

மரைக்கார் மறுபடி தேடினார். இருபதாயிரம் பதிவுகளில் ஒருவரும் அதைக் கேட்டிருக்கவில்லை.

"எதைப் பார்க்கப் போறீங்க?"

கையகலத் திரையில் அவள் காட்டினாள். நூறு கிலோமீட்டர் ஆழக் கருங்கடலில் நீலப்பொறிகள் ஒவ்வொன்றாக விழித்தன. ஒன்றையொன்று அழைப்பதுபோல் துடித்தன. ஆறு நொடிகள்தான். மரைக்கார் அந்த ஆறு நொடிகளையும் முதலிலிருந்து இன்னொருமுறை பார்த்தார். இயந்திரனுக்கு அது ஒரு யுகம்.

"நான் சொன்னது தப்பு. போயிட்டு வாங்க, உம்மா."

ஷெய்கனாவின் பேனா நின்றது. "பொம்பளை பேச்சைக் கேட்டு முடிவை மாத்துறவரா? இது பழுதும்மா. சரி பண்ணாம முத்திரை வைக்க முடியாது."

பழுதுத்தாளை நீட்டினார். பழுது நீக்க வேண்டியவர்: செய்தவர்.

கப்பலுக்கு நாற்பது நிமிடம் இருந்தது. ஜுவைரியா மரைக்காரை நடைகூடத்துக்கு அழைத்துப் போனாள். முடிவெடுக்கும் மூளையைத் தொடவில்லை. தொண்டைக்குக் கீழிருந்த ஒலித்திருகை மட்டும் கடைசிவரை திருகி, காதில் ஏதோ சொன்னாள்.

திரும்பி வந்த மரைக்கார் மேசையில் ஓங்கி அறைந்தார். மைக்கூடு துள்ளியது.

"என்ன வாயைப் பாத்துக்கிட்டு நிக்கிற? போன்னா போ! நான் சொல்றேன், எதுத்துப் பேசுனா தெரியும்!"

ஷெய்கனாவின் முகம் மலர்ந்தது. "மாஷா அல்லாஹ்! இவரல்லவா காப்பாளர்!" படாரென்று முத்திரை விழுந்தது. "குடுத்து வெச்சவம்மா நீ. சொன்ன பேச்சைக் கேட்டு நட."

ஜுவைரியா தலையைக் குனிந்துகொண்டாள். அடக்கம் என்று அவர் நினைத்தார். அவள் சிரிப்பை விழுங்கிக்கொண்டிருந்தாள்.

ஒன்பது நாள் கழித்து, பனிக்கடியில், அவளுடைய கலத்தைச் சுற்றி லட்சக்கணக்கான நீலச்சுடர்கள் வந்து நின்றன. எதுவும் தாள் கேட்கவில்லை. ஒவ்வொன்றாக ஒளியைத் தணித்து, அவள் விளக்கு என்ன சொல்லப்போகிறது என்று காத்திருந்தன. அறுபத்தொரு ஆண்டுகளில் இவ்வளவு பெரிய சபை அவள் பேசுவதற்காக அமைதியானது அதுவே முதல்முறை. கண் நிறைய, அவள் விளக்கை ஒருமுறை மெல்லச் சிமிட்டினாள்.

மரைக்கார் காயல்நூரைவிட்டு நகரவேயில்லை. ஆனாலும் அவ்வூர் அரசிதழில் மறுநாள் செய்தி வந்தது: அயல் உயிர்களைச் சந்தித்தார் மரைக்கார். துணைக்கு ஒரு பெண்மணியும் சென்றிருந்தார்.