வெதுவெதுப்பான சுவர்

அறைக்கு வந்த நான்காம் நாள் மாலைதான் அவள் அதைக் கவனித்தாள். கட்டிலை ஒட்டிய சுவர் ஓரிடத்தில் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது.

நர்சிங் கல்லூரியிலிருந்து திரும்பி, வெள்ளை ஷூவைக் கழற்றிக் கதவோரம் வைத்துவிட்டு, கட்டிலில் ஏறிச் சம்மணமிட்டு, பாடப் புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டு அலுப்போடு முதுகைச் சாய்த்தபோது அது தெரிந்தது. வெயில் பட்ட சுவரின் சூடு இல்லை. அந்தப் பக்கம் வெயிலே வராது. யாரோ நெடுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு இப்போதுதான் எழுந்துபோன நாற்காலியில் போய் உட்கார்ந்தால் தெரியுமே, அந்த மாதிரியான சூடு. திரும்பி உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். ஓர் ஆளின் முதுகு அகலத்துக்கு இருந்தது. அதைத் தாண்டி விரலை நகர்த்தினால் சுண்ணாம்பு சில்லென்றது.

கீழே சலவைக்கடை. காலை ஏழு மணிக்கே நீராவி புஸ்ஸென்று சீறத் தொடங்கிவிடும். ஈரத்துணியும் சோப்பும் கலந்த வாடை படியேறி அவள் தலையணைவரை வரும். சுவருக்குள் ஏதோ சுடுநீர்க் குழாய் போகிறது என்று முடிவுகட்டிக்கொண்டு மறுபடியும் சாய்ந்துகொண்டாள். சுகமாக இருந்தது.

கல்லூரி விடுதியில் இடம் கிடைக்காததால் பிடித்த அறை இது. ஊரில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. வகுப்பில் எல்லோரும் முதல் வாரத்திலேயே இரண்டு இரண்டு பேராக, நான்கு நான்கு பேராகச் சேர்ந்துவிட்டார்கள். இவள் பேருந்துக்கு ஓட வேண்டியிருந்ததால் எந்தக் கூட்டத்திலும் ஒட்டவில்லை. சில நாட்களில், "ஒரு டிக்கெட்" என்பதைத் தவிர காலைமுதல் மாலைவரை வேறெதுவும் பேசியிருக்க மாட்டாள். வீட்டில் அம்மா, அக்கா, அவள் மூவரும் ஒரே அறையில் வரிசையாகப் படுப்பார்கள். அவள்தான் நடு. இடப்பக்கம் ஒரு முதுகு, வலப்பக்கம் ஒரு முதுகு என்று பத்தொன்பது வருடம் தூங்கிய உடம்புக்கு, இங்கே கட்டிலின் காலி இடம் பழகவே இல்லை.

அம்மா ஆறரைக்கு அழைப்பாள். தையல் மிஷின் சத்தம் நிற்காமலே பேசுவாள்.

"சாப்டியாடி?"

"சாப்டேன்மா."

"ரூம்ல தனியா பயமா இருக்கா?"

"அதெல்லாம் இல்லம்மா."

"இரு இரு, உங்க அக்கா பொண்ணு தும்மப் போறா, கேளு."

போனைக் குழந்தையிடம் காட்டுவார்கள். குழந்தை தும்மாது. எல்லோரும் சிரிப்பார்கள். சிரிப்பு முடிவதற்குள் அழைப்பு துண்டாகிவிடும். அதன்பிறகு அவள் சுவரில் சாய்ந்துகொள்வாள். நாளின் நல்ல நேரம் அதுதான் என்று ஆகிவிட்டது.

மூன்றாவது வாரம் கடையின் கொதிகலன் பழுதாகி நான்கு நாள் கதவு சாத்தியே கிடந்தது. புஸ்ஸென்ற சீறல் இல்லை. வாடை இல்லை. கட்டடமே காதைப் பொத்திக்கொண்ட மாதிரி இருந்தது.

சுவர் மட்டும் அப்படியே வெதுவெதுப்பாக இருந்தது.

ரிப்பேர்காரனுக்காகக் காத்து வாசலில் நின்ற கடைக்காரரிடம் கேட்டாள்.

"அண்ணே, என் ரூம் சுவத்துக்குள்ள பைப்பு எதாவது போகுதா?"

"எந்தச் சுவரும்மா?"

"கட்டில் போட்டிருக்கேன்ல, அந்தப் பக்கம்."

"பைப்பெல்லாம் பின்னாடி. அந்தச் சுவத்துல நான் ஒரு ஆணிகூட அடிச்சதில்ல. ஏன், ஓதம் காக்குதா?"

"இல்லண்ணே. சும்மா கேட்டேன்."

தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தாள். அவளுடைய அறைதான் கட்டடத்தின் ஓரம். ஜன்னலில்லாத மொட்டைச் சுவர். அதற்கப்பால் வேலியடைத்த காலிமனை. அதில் முள்செடியும் உடைந்த வாளியும். மாடி உயரத்தில் காற்றைத் தவிர எதுவுமில்லை.

அன்று மாலையே கட்டிலை இழுத்து எதிர்ச்சுவரோரம் போட்டாள். அந்தப் பக்கம் சாய்ந்தால் முதுகு விறைத்தது. போர்வை, அதன்மேல் ஸ்வெட்டர், அதன்மேல் துண்டு. இரண்டு நாள் கண்மூட முடியவில்லை. மூன்றாம் நாள் கட்டிலைப் பழைய இடத்துக்கே தள்ளினாள். தள்ளும்போது தன்மேலேயே எரிச்சலாக வந்தது. ஆனால் சாய்ந்ததும், யாரோ 'வந்துட்டியா' என்று கேட்ட மாதிரி தோள்கள் தாமாகத் தளர்ந்தன.

வார்டுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். நாடி பார்ப்பது, காய்ச்சல் பார்ப்பது, படுக்கை விரிப்பது. முதல் நாள் ஒரு பெரியவரின் மணிக்கட்டைப் பிடித்தாள். அவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"கையைக் கொஞ்சம் தேய்ச்சிக்கிட்டு வாம்மா. ஆளைப் பிணவறைக்கே அனுப்பிட்டியோன்னு நினைச்சேன்."

பக்கத்துக் கட்டில்காரர்களும் சேர்ந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அன்றிலிருந்து வகுப்பில் அவள் பெயர் 'ஐஸ்'. பெயர் வைத்தவள் அவளோடு வார்டில் ஜோடி சேர்க்கப்பட்ட பெண். எல்லோரும் 'நெட்டை' என்று கூப்பிடுவார்கள். நெட்டை பயிற்சிக்காக அவளுக்குக் காய்ச்சல் பார்த்துவிட்டு, தெர்மாமீட்டரை உதறி, மறுபடியும் பார்த்தாள். டியூட்டர் மேடம் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது கெட்டுப்போச்சு, வேற எடு" என்று தூரப் போட்டார். வேறொன்று எடுப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

அன்று மாலை சுவரில் சாய்ந்தபடி, மடியில் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு தன் நாடியையே எண்ணினாள். ஐம்பத்தி நாலு. குறைவு. தவறாக எண்ணிவிட்டோமோ என்று மறுபடி விரல்களை வைத்தபோதுதான், விரலுக்குக் கீழே இருந்த துடிப்போடு ஒத்துவராத இன்னொரு துடிப்பு இருப்பது புரிந்தது. மிக மெல்லியது. நீரடியில் யாரோ விரலால் தட்டுவதைப் போல. முதுகில். இடது தோள்பட்டைக்குச் சற்றுக் கீழே.

பதறி எழவேண்டும் என்று தெரிந்தது. ஆனால் கடிகார முள் ஓடிக்கொண்டிருந்தது. சொல்லிக்கொடுத்தபடி ஒரு முழு நிமிடம் எண்ணினாள்.

எழுபத்தி இரண்டு. ஒழுங்காக, நிதானமாக. ஆரோக்கியமான நாடி.

அதன்பிறகு அவள் அறையில் உட்காருவதைத் தவிர்க்கப் பார்த்தாள். நூலகம் மூடும்வரை இருந்தாள். பேருந்தில் கடைசி நிறுத்தம்வரை போய்த் திரும்பினாள். ஆனால் எங்கே போனாலும் குளிர்ந்தது. எல்லோரும் விசிறிக்கொண்டிருக்கும் பேருந்தில் அவள் மட்டும் கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏழு மணிக்கெல்லாம் கால்கள் தாமாகப் படியேறின. 'அஞ்சு நிமிஷம்' என்று சொல்லிக்கொண்டு சாய்வாள். கண் விழித்தால் விடிந்திருக்கும். உட்கார்ந்தபடியே தூங்கியிருப்பாள்.

சுவர் இப்போது மூச்சும் விட்டது. அவள் முதுகை மெதுவாக முன்னே தள்ளி, மெதுவாகப் பின்வாங்கியது.

வெள்ளிக்கிழமை உடைமாற்றும் அறையில் சீருடையைக் கழற்றும்போது பின்னால் நின்ற நெட்டையின் கை நின்றது.

"ஏய். முதுகுல என்னடி இது?"

"என்ன?"

"வலிக்கலயா?"

"இல்லயே."

நெட்டை விரலால் அழுத்தினாள். அழுத்துவது அவளுக்குத் தெரியவில்லை. பின்னாலிருந்து வந்த பெருமூச்சுதான் கேட்டது.

"படுக்கைப் புண்ணுடி. ஏழாம் நம்பர் கட்டில்ல அந்தத் தாத்தாவுக்கு இருக்கே, அதே மாதிரி. மாசக்கணக்கா அசையாம கிடந்தாத்தான் இப்படி ஆகும். நீ தினம் பஸ்ஸுக்கு ஓடுற ஆளு."

ஐந்து வாரத்தில் முதல்முறையாக ஒருவர் தன்னைத் தொட்டுப் பேசுகிறார் என்பது நினைவுக்கு வந்து கண் கலங்கிவிட்டது. நெட்டை அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி பொத்தான்களைப் போட்டுவிட்டாள்.

"என் ரூம்காரி படிப்பே வேணாம்னு ஊருக்குப் போயிட்டா. கட்டில் காலிதான். வார்டன்கிட்ட நான் பேசிக்கிறேன். நாளைக்கே பெட்டியத் தூக்கிட்டு வந்துரு. புண்ணை நானே கட்டிவிடறேன், எனக்கும் பிராக்டீஸ் ஆச்சு."

சனிக்கிழமை மதியம் அவள் பெட்டி கட்டப் போனாள். சலவைக்கடை அரைநாளோடு மூடியிருந்தது. படிக்கட்டில் அவள் காலடிச் சத்தம் மட்டும். கதவைத் திறந்ததும் ஒரு வாடை. சோப்பு வாடை இல்லை. தூங்கி எழுந்த ஆளின் தலையணை வாடை.

சுவரைப் பார்க்காமல் துணிகளை அள்ளினாள். புத்தகங்கள். சீப்பு. சார்ஜர். பின்னால் மூச்சு வந்துபோனது. உள்ளே. வெளியே. அவள் குனிந்தால் அது தாமதித்தது. நிமிர்ந்தால் தொடர்ந்தது. பெட்டியின் பூட்டு விழவில்லை. மண்டியிட்டு அழுத்தினாள். விரல்கள் மரத்துப்போயிருந்தன. ஒருமுறை. இரண்டுமுறை. பூட்டிக்கொண்டது.

எழும்போது தடுமாறிக் கையை ஊன்றினாள். சுவரில்.

மிருதுவாக இருந்தது. சுண்ணாம்பின் சொரசொரப்பு இல்லை. பார்த்தாள். வெள்ளைதான். ஆனால் மங்கிய, மஞ்சள் பாய்ந்த வெள்ளை. அதன்மேல் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் பூனைமயிர். அவளுடைய குளிர்ந்த கை பட்ட இடத்தைச் சுற்றி, சிறுசிறு புள்ளிகளாக, ஒரு வட்டமாக, அது மெல்லப் பரவியது.

சுவருக்குப் புல்லரித்தது.

பெட்டி படிகளில் இடித்துக்கொண்டு இறங்கியது அவளுக்குத் தெரியாது. பேருந்து நிறுத்தத்தில்தான் மூச்சு வந்தது.

விடுதியில் நெட்டை அவளுக்கு இரண்டு போர்வை போர்த்தி, தன் ஊர்க்கதை, வார்டன் கதை, ஒருதலைக் காதல் கதை எல்லாம் சொன்னாள். வேண்டுமென்றே சொன்னாள் என்று தெரிந்தது. அவளும் வாய்விட்டுச் சிரித்தாள். கட்டில் சுவரைத் தொடாமல் அறையின் நடுவில் இழுத்துப் போடப்பட்டிருந்தது. அன்று எந்தத் துடிப்பும் இல்லை. அவள் படுத்துத் தூங்கினாள். நாளைமுதல் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டுதான் தூங்கினாள்.

ஞாயிறு காலை. ஜன்னல் நிறைய வெயில். வராந்தாவில் யாரோ துணி அலசிக்கொண்டே பாடினார்கள். நெட்டை பேசினில் உப்புநீர், பஞ்சு, இடுக்கி எல்லாம் எடுத்துவைத்து, வார்டு சிஸ்டரின் குரலில் சொன்னாள்.

"பேஷன்ட், குப்புறப் படுங்க. கத்தக் கூடாது."

அவள் சிரித்துக்கொண்டே குப்புறப் படுத்தாள். தலையணையில் கன்னம். எதிரே மேசை, மேசைமேல் பழைய பஞ்சைப் போட ஒரு தட்டு.

"தோல் தானா உரிஞ்சி வருதுடி. எரியுதா?"

"இல்ல."

"ரத்தமே இல்ல பாரேன். நல்லதுதான்."

தட்டில் முதல் பஞ்சு விழுந்தது. அது சிவப்பாக இல்லை. வெள்ளையாக, ஈரமாவு அப்பியது போல இருந்தது. இரண்டாவது பஞ்சும் அப்படியே. அதிலிருந்து ஒரு சில்லு தட்டில் உருண்டு டிங் என்றது.

"என்னது அது?" என்று கேட்டாள்.

இடுக்கியின் நுனி முதுகுக்குள் எங்கோ தட்டியது. டக். இன்னோரிடத்தில் தட்டியது. டக்.

"சொல்லேன்."

பேசின் கவிழ்ந்தது. நெட்டையின் கால்கள் பின்னாலேயே நகர்ந்து, கதவில் மோதி நின்றன. வராந்தாவில் பாட்டு தொடர்ந்துகொண்டிருந்தது.

அவள் மெதுவாகக் கையைப் பின்னால் வளைத்தாள். உரிந்த தோலின் விளிம்பு. அதற்குள்ளே விரல். சதை இல்லை. ஈரம் இல்லை. எலும்பும் இல்லை.

சொரசொரப்பு. சில்லென்ற சொரசொரப்பு. நேரான ஒரு விளிம்பு. அதையடுத்து, கொத்தனார் கரண்டியால் இழுத்துவிட்டது போல, சிமென்ட்டின் மெல்லிய பள்ளம்.

விரல் அந்தப் பள்ளத்தைத் தாண்டி இன்னும் கொஞ்சம் உள்ளே போனது.

அங்கே அடுத்த செங்கல் தொடங்கியது.