இதோ கிளம்பிட்டேன்

அன்று மாலை மனைவியிடமிருந்து போன் வரவில்லை. சம்பளப் பிரிவின் தலைமைக் கணக்கன் அதைக் கவனிப்பதற்குள் மற்ற மேசைகள் காலியாகி, ஏசியின் முனகலும், துடைத்த தரையின் பினாயில் வாடையும், திரையைப் பார்த்துப் பார்த்து எரிந்த கண்களும் மட்டுமே அவனுக்குத் துணையாக இருந்தன. "நீங்க இல்லேன்னா இந்த ஆபீஸே படுத்துடும்" என்று மேலாளர் என்றோ சொன்னது அவனுக்குத் தேன். ஒருநாள் லீவு போட்டால் தன் நாற்காலியில் வேறொருவன் உட்கார்ந்துவிடுவானோ என்ற பயம் விஷம். இரண்டையும் கலந்து குடித்தே பழகிவிட்டான்.

தினமும் அவள் கூப்பிடுவாள். "இதோ கிளம்பிட்டேன்" என்பான், இடத்தைவிட்டு அசையாமலே. பொய் என்று அவளுக்கும் தெரியும்.

இன்று அவனே கூப்பிட்டான். மகள் எடுத்தாள்.

"யாரு?"

"அப்பாதாம்மா. இதோ கிளம்பிட்டேன்."

மகள் சிரித்தாள். "அப்பா எப்பவோ வந்தாச்சே. கதை சொல்லிட்டிருக்காரு."

பின்னால் ஓர் ஆண்குரல், வார்த்தைகளை இழுத்து இழுத்துப் பேசியது. அவனுடைய குரல். போன் துண்டிக்கப்பட்டது.

பையை எடுத்துக்கொண்டு எழுந்தான். ஆனால் திரையில் பாதி வேலை நின்றது. வீட்டில்தான் ஆள் இருக்கிறதே, முடித்துவிட்டே போகலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. வெட்கங்கெட்ட நினைப்பு. அதற்கு இணங்கி, வேலையை முடித்தான்.

பிறகுதான் ஓடினான்.

வீட்டுக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினான்.

"யாருங்க?" இவ்வளவு நிம்மதியாக மனைவி பேசிக் கேட்டு வருஷங்கள் ஆகியிருந்தன.

"நான்தான். கதவத் திற."

"ஆபீஸ்லேர்ந்தா? வேலை வேலைன்னு இனிமே வீடுவரைக்கும் வந்து நிக்காதீங்க. அவரு பிள்ளையோட இருக்காரு."

"என் குரல் தெரியலையா உனக்கு!"

காலடிகள் விலகின.

ஜன்னலுக்கு ஓடினான். கூடத்தில் மகள் ஒரு மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள். அவனுடைய சட்டை. அவனுடைய வழுக்கை. முகம் குனிந்திருந்தது. ஒரு கை அவள் தலையைக் கோதியது. மெதுவாக. அன்பாக.

கண்ணாடியை அறைந்தான். யாரும் திரும்பவில்லை. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து துணி மடிக்க ஆரம்பித்தாள்.

கோதிய விரல்கள் மகளின் முடிக்குள் போயின. இன்னும் உள்ளே. மணிக்கட்டுவரை.

ரத்தம் இல்லை. சத்தம் இல்லை.

மகள் சொக்கிப்போய்ச் சிரித்தாள். அவள் தலைக்குள் அந்தக் கை எதையோ தேடித் துழாவிக்கொண்டிருந்தது.