ஏழு நாள் காத்திருப்பு

ஹாவ்-யென் ஆறரைக்கு எழுந்தான். பல் துலக்கினான். சோயாப் பாலைச் சூடாக்கி நின்றபடியே குடித்தான். மடிக்கணினியைத் திறந்தான். பெட்டகம் திறக்க இன்னும் ஒரு மணி நேரம் என்றது திரை.

அவனும் மனைவி ஷூ-மானும் கடவுச்சொற்களை ஒரே செயலியில் வைத்திருந்தார்கள். பொதுப் பெட்டகம் ஒன்று, ஆளுக்கொரு தனிப் பெட்டகம். ஒருவருக்கு ஏதாவது ஆனால் மற்றவர் தனிப் பெட்டகத்தைக் கேட்கலாம். ஏழு நாளுக்குள் உரியவர் மறுக்காவிட்டால் திறந்துவிடும். லாரி மோதி அவள் இறந்த அன்றே கேட்டுவிட்டான். அவள் கைபேசி ஸ்கூட்டருக்கு அடியில் பொடியாகியிருந்தது. அவளுடைய குரல் பதிவுகள் இருந்த கணக்கின் கடவுச்சொல் அவள் தனிப் பெட்டகத்தில்தான் இருந்தது. அந்தக் குரல் அவனுக்கு மறக்கத் தொடங்கியிருந்தது.

மைத்துனி யா-ரோங் அழைத்தாள்.

"அத்தான், இன்னிக்கு ஏழாம் நாள். அக்கா வீட்டுக்கு வருவா. சாப்பாடு வெச்சுட்டு ரூமுக்குள்ளயே இருங்க. எதிர்ல நிக்காதீங்க."

"ம்."

"அக்காவுக்குப் போய்ச் சேரணும்னு காகித போன் எரிச்சோமே, சார்ஜரை மறந்துட்டோம்னு அம்மா புலம்புறாங்க. அங்க போயும் பேட்டரி இல்லன்னு கத்தப்போறா." சிரித்தாள். மூக்கை உறிஞ்சினாள். "கதவுப் பூட்டு நம்பரை மாத்திடலையே?"

"நேத்து மாத்தினேன். சடங்குக்கு வந்தவங்க எல்லாருக்கும் பழசு தெரியும்."

"ஐயோ அத்தான்! அக்கா எப்படி உள்ள வருவா?"

அழைப்பைத் துண்டித்தபின் வீடு மிக மெதுவாக அவனைச் சூழ்ந்தது. ஷூ-மானின் படத்தின் முன் எரிந்த ஊதுவத்தியின் புகை மேலே போகாமல் தரையோடு நகர்ந்தது, பக்கத்து வீட்டில் மீன் பொரியும் ஓசை நடுவிலேயே நின்றது, மின்தூக்கி யாரும் அழைக்காமலே மாடி மாடியாக ஏறி வந்துகொண்டிருந்தது.

திரை மாறியது.

உரியவர் மறுத்துவிட்டார். சாதனம்: ஷூ-மானின் கைபேசி.

மறுபடி கேட்டான். மறுப்பு. மறுபடி. விரலை எடுப்பதற்குள் மறுப்பு.

பொதுப் பெட்டகத்தில் ஒரு வரி ஒளிர்ந்தது. வீட்டுக் கதவு. புதிய எண்ணையும் பழக்கதோஷத்தில் அங்கேதான் சேமித்திருந்தான். இருவருக்கும் பொதுவான இடத்தில்.

பார்த்தவர்: ஷூ-மான். இப்போது.

வெளியே பூட்டின் பொத்தான் ஒலித்தது. ஒன்று. இரண்டு. நிதானமாக. ஆறு.

தாழ் விலகியது. கைப்பிடி இறங்கியது. கருகிய ரப்பர் வாடை.

அன்று ஸ்கூட்டர் சாவியோடு வாசலில் திரும்பி நின்று அவள் கடைசியாகச் சொன்னது அவனுக்கு அவள் குரலிலேயே கேட்டது.

"பூட்டிடாத. இதோ வந்துடறேன்."