டிரையரில் சுருங்கிய சட்டை

டிரையரிலிருந்து வந்த பினாஃபோர் கருகவில்லை, கிழியவுமில்லை. சிறுத்திருந்தது, அவ்வளவுதான். ஏழு வயது காமினியின் பள்ளிச் சீருடை, நாலு வயதுப் பிள்ளைக்குத் தைத்த அளவில் மோகனாவின் கையில் சூடாகக் கிடந்தது. இந்த வாரம் காமினியின் உடுப்பெல்லாம் இப்படித்தான் வருகிறது. பயப்பட வேண்டும் என்று மோகனாவுக்குத் தெரிந்தது. பயம்தான் வரவில்லை. மூத்தவள் நாலு வயதில் காய்ச்சலில் போனதிலிருந்து அவளுக்கு எதுவுமே வருவதில்லை. காமினி ஒருத்திதான் மிச்சம்.

வெளியே ஜெலுத்தோங் அடுக்குமாடிகளின் மேல் பிற்பகல் மழை விடாமல் கொட்ட, அடுத்த வீட்டு மிளகாய்ச் சம்பால் வாசனையும் ஈரத்துணியின் புழுக்கமும் சமையலறைக்குள் கலந்து நிற்க, ரிப்பேர்காரர் யூசுப் டிரையரின் பின்பக்கத்தைக் கழற்றி, அடைத்திருந்த பஞ்சைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டையும் மாற்றினார். கூடத்தில் காமினி தானாக ஏதோ பாடிக்கொண்டிருந்தாள்.

"ஹீட்டு கூடிப்போச்சு தங்கச்சி. இப்ப ஓகே லா. எதப் போட்டதுலேருந்து இப்படி ஆவுது?"

மோகனா யோசித்துப் பார்த்துச் சொன்னாள். காரியத்தன்று மூத்தவளின் உடுப்பையெல்லாம் கடலில் விட்டார்கள். ஒரு கவுனை மட்டும் விட மனசு வராமல் அலமாரியில் ஒளித்துவைத்திருந்தாள். பூஞ்சை வாடை அடித்ததால், போன வாரம் அதைத் துவைத்துக் காமினியின் துணியோடு சேர்த்துப் போட்டுவிட்டாள்.

யூசுப் பினாஃபோரை வாங்கிப் புரட்டினார். பொத்தானில் அவர் விரல் நின்றது.

"துணி சுருங்கும். பிளாஸ்டிக் பட்டன் எப்படி தங்கச்சி சுருங்கும்?"

ஊற்றிவைத்த தேநீரைத் தொடாமலே சாமான்களை அள்ளிக்கொண்டு போய்விட்டார்.

மழை. டிரையர் ஓடவில்லை. கூடத்தில் பாட்டு நின்றிருந்தது.

"காமினி?"

துணிக்கூடை கவிழ்ந்து கிடந்தது.

"காமினி, எங்கடி இருக்க?"

கட்டிலுக்குப் பக்கத்தில். சுருங்கிய சட்டைகளில் ஒன்றைப் போட்டுக்கொண்டு நின்றாள். சிரித்தாள். போன மாதம் விழுந்த முன்பல் வாயில் திரும்ப இருந்தது. பால்பல்.

சட்டைக் கை அவள் விரல்களையும் தாண்டித் தொங்கியது.

"அம்மா, இது பெரிசா இருக்கு."

அப்போதும் மோகனாவுக்கு அழுகை வரவில்லை. மண்டியிட்டாள். கையை மடித்துவிட்டாள். மடித்து முடிப்பதற்குள் அவள் கை இன்னும் சிறுத்து, சட்டைக் கை மறுபடி நீண்டு தொங்கியது. மறுபடி மடித்தாள்.